மழை அலர்ட் படமும் என் மகனின் கண்ணும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன நவம்பரில் மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் உங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றைப் போட்டிருந்தீர்கள். எந்த மாவட்டத்துக்கு ரெட் அலர்ட், எதற்கு ஆரஞ்சு, எதற்கு மஞ்சள், எதற்குப் பச்சை என்று வண்ணம் தீட்டிய படம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் சின்ன மகன் காலையில் பேப்பரை எடுத்தால் முதலில் தேடுவது மழைச் செய்தியைத்தான், பள்ளிக்கு லீவு விடுவார்களா என்ற ஆசை. அன்றைக்கு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுப்படிக்கு வந்து, "அம்மா, நம்ம விருதுநகருக்கு என்ன கலர் போட்டிருக்காங்க?" என்று கேட்டான். அவனுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும், நம் மாவட்டம் படத்தில் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். ஆனால் ஆரஞ்சு பூசிய மாவட்டமும் இளம்பச்சை பூசிய மாவட்டமும் அவன் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன.

என் மகனுக்கு நிறக்குருடு. இந்தச் சொல்லே எனக்குப் பிடிக்காது, கேட்டவுடன் எல்லோரும் அவன் உலகம் கறுப்பு வெள்ளை சினிமா மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எந்த நிறமுமே தெரியாதவர்கள் மிக மிக அரிது, ஏறக்குறைய 30 ஆயிரம் பேரில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நிறம் தெரியும், சில நிறங்களைப் பிரித்துப் பார்க்க மட்டும் முடியாது. நம் விழித்திரையில் நிறம் பார்ப்பதற்கென்று கூம்பு செல்கள் மூன்று வகை இருக்கின்றன, நீண்ட அலை ஒளிக்கு ஒன்று, நடுத்தர அலைக்கு ஒன்று, குறுகிய அலைக்கு ஒன்று. மூன்றும் மூளைக்கு அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டுத்தான் இது சிவப்பு, இது பச்சை என்று நாம் பிரிக்கிறோம். அதில் ஒரு வகை இல்லாமல் போனாலோ, அது வேலை செய்யும் விதம் கொஞ்சம் மாறியிருந்தாலோ ஒப்பிடும் இடத்தில் குழப்பம் வந்துவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு வருவது சிவப்பு பச்சைக் குழப்பம். நீலம் மஞ்சள் குழப்பம் குறைவு.

எங்கள் வீட்டில் இது வெளியே வந்த கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் இதே மாதிரிதான் பல வீடுகளில் தெரியவருகிறது, அதாவது மிகத் தாமதமாக. என் அக்கா மகன் டிப்ளமோ முடித்துவிட்டு ரயில்வேயில் அசிஸ்டன்ட் லோகோ பைலட் வேலைக்காக இரண்டு வருடம் உட்கார்ந்து படித்தான். எழுத்துத் தேர்வு எல்லாம் பாஸ். கடைசியில் மருத்துவப் பரிசோதனை. ரயில் ஓட்டுகிறவர்களுக்கு ஏ-1 என்ற கடுமையான தகுதி வேண்டும், அதில் நிறப்பார்வையையும் சோதிப்பார்கள். புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைக் காட்டி எண்ணைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள், பக்கத்துக்குப் பக்கம் தப்பாகச் சொல்லியிருக்கிறான். 24 வயதில், வேலை கைக்கு வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்ன பிறகு, தனக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்று முதல்முறையாகத் தெரிந்துகொண்டான்.

அவன் வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தபோது என் அப்பாவும் அங்கே இருந்தார். அப்போது அவருக்கு 70 வயதுக்கு மேல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கும் மொளகாப் பழம் தெரியாதுப்பா" என்றார். நாங்கள் யாரும் அதுவரை கேள்விப்படாத செய்தி அது. எங்களுக்குச் சாத்தூர் பக்கம் மானாவாரி நிலம், வத்தலுக்கு மிளகாய் போடுவோம். செடியில் பச்சைக் காய்க்கு நடுவே சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். அப்பா பறித்தால் பச்சைக் காயும் சேர்ந்து வந்துவிடும், காயப்போட்டால் அது மட்டும் வெளிறிப்போய்க் கிடக்கும், வத்தலுக்கு விலை குறைந்துவிடும். இவருக்கு வேலையில் கவனமே கிடையாது என்று பாட்டி திட்டியதை நானே சிறு வயதில் கேட்டிருக்கிறேன். அதற்கப்புறம் அவர் ஒவ்வொரு காயையும் விரலால் லேசாக அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருந்தால் பறித்தாராம். ஒரு வாழ்நாள் முழுக்க விரலால் நிறம் பார்த்திருக்கிறார், பெற்ற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பாடத்தில் இந்தக் குறைபாடு மரபுவழி வருவதைப் படித்திருப்போம், படித்துவிட்டு மறந்திருப்போம். சிவப்பு பச்சைக் குறைபாட்டுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதில் கோளாறு இருந்தால் ஈடுகட்ட வேறு ஒன்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு, ஒன்று சரியாக இருந்தாலே போதும், நிறம் பெரும்பாலும் நன்றாகத் தெரியும். அதனால் என் அப்பாவின் மகள்களான அக்காவும் நானும் நிறங்களைச் சரியாகப் பார்க்கிறோம், ஆனால் அவருடைய எக்ஸ் எங்கள் இருவரிடமும் கட்டாயம் இருக்கிறது. எங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அது போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் பெரியவனுக்கு வரவில்லை, சின்னவனுக்கு வந்தது. தாத்தாவிடம் இருப்பது அம்மாவிடம் தெரியாமல் ஒளிந்திருந்து பேரனிடம் வெளியே வருகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரில் 100 ஆண்களில் 8 பேருக்கு இது இருக்கிறது, பெண்களில் 200 பேரில் ஒருவருக்குத்தான். நம் நாட்டில் ஆண்களிடையே அதைவிடக் குறைவு என்றாலும், ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சில பையன்களாவது இருப்பார்கள். பெண்ணுக்கு வருவதென்றால் அப்பாவுக்கு இருக்க வேண்டும், அம்மாவும் அதைச் சுமக்க வேண்டும். குறைபாடுள்ள தாய்மாமனுக்கே அக்கா மகளைக் கட்டிக்கொடுக்கும் குடும்பங்களில் இந்த வாய்ப்பு கூடுகிறது. அம்மா வழியாக வருகிறது என்று தெரிந்தவுடன் மருமகளைக் குறை சொல்லும் மாமியார்களையும் பார்த்துவிட்டேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், யாரும் தேர்ந்தெடுத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை.

சரி, பிள்ளைக்கு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலான பெற்றோர் ஒரு பொருளைத் தூக்கிக் காட்டி "இது என்ன கலர் சொல்லு" என்று கேட்கிறார்கள். இதனால் பயன் இல்லை. இலை பச்சை, தக்காளி சிவப்பு, வானம் நீலம் என்று அந்தப் பிள்ளையும் எல்லோரையும் போலக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கும், கேட்டால் சரியாகச் சொல்லிவிடும். நாம் பார்க்க வேண்டியது, யாரும் சொல்லிக்கொடுக்காத இடத்தில் அது என்ன செய்கிறது என்பதை. என் மகன் ஒன்றாம் வகுப்பில் மரத்தின் தண்டுக்குப் பச்சையும் இலைக்குப் பழுப்பும் தீட்டியிருந்தான், பக்கத்தில் "கவனமாகச் செய்" என்று அவன் ஆசிரியை எழுதியிருந்தார். அப்பாவுக்குப் பாட்டி சொன்ன அதே வார்த்தை. அக்கா மகன் விஷயம் அப்போது நடந்து முடிந்திருந்ததால் எனக்கு உடனே உறைத்தது, இல்லையென்றால் நானும் அவனைத்தான் அதட்டியிருப்பேன்.

அதற்கப்புறம் கவனித்தபோது எவ்வளவோ தெரிந்தது. க்ரையான் எடுக்கும்போது குச்சியின் நிறத்தைப் பார்க்காமல் மேலே சுற்றிய தாளில் இருக்கும் பெயரைப் படிப்பான், தாள் கிழிந்த குச்சிகளை ஒதுக்கிவிடுவான். ஊதாவை நீலம் என்பான். இளஞ்சிவப்புச் சட்டையைச் சாம்பல் என்பான். கொய்யா மரத்தில் காயா பழமா என்று முகர்ந்து பார்ப்பான். போன் சார்ஜரில் சிவப்பு விளக்கு பச்சையாக மாறியது தெரியாமல் இரவெல்லாம் விட்டுவிடுவான். பச்சைப் புல்லில் உருண்டு நின்ற சிவப்புக் கிரிக்கெட் பந்தைத் தாண்டிப் போய்த் தேடுவான், மற்ற பையன்கள் கத்துவார்கள். வண்ணம் தீட்டும் வீட்டுப்பாடம் என்றாலே தள்ளிப்போடுவான், அல்லது முழுப்படத்தையும் ஒரே நிறத்தில் முடித்துவிடுவான். இதில் ஒன்றிரண்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம், நான்கு வயதுப் பிள்ளை நிறத்தின் பெயர்களைக் குழப்புவது சாதாரணம். அதுவே ஆறு ஏழு வயதிலும், அதே நிறங்களில், அதுவும் வெளிச்சம் மங்கலாக இருக்கும்போதும் பொருள் சின்னதாக இருக்கும்போதும் திரும்பத் திரும்ப நடந்தால் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், அவர்களுக்குச் சிவப்பு எப்படித் தெரியும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். சிவப்புக்கான கூம்பு செல்கள் இல்லாதவர்களுக்கு அடர் சிவப்பு மங்கி, இருண்டு தெரியும். கறுப்பு மையில் எழுதிய விடைத்தாளில் ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தினால் எது தான் எழுதியது, எது திருத்தியது என்று அவர்கள் உற்றுப் பார்க்க வேண்டும். பச்சைப் பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் அடிக்கோடு போட்டால் அந்தக் கோடே காணாமல் போகலாம். ஆசிரியர்கள் வெள்ளை, மஞ்சள் சுண்ணக்கட்டியோடு நிறுத்திக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன், அதனால் மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆய்வகத்தில் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் நடந்துகொண்டிருந்தது. பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, கூம்புக் குடுவையில் வெளிர் இளஞ்சிவப்பு நிலையாக நிற்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். நன்றாகப் படிக்கிற ஒரு மாணவன் ஒவ்வொரு முறையும் தாண்டிப் போய், கரைசல் அடர்த்தியான நிறமாகும் வரை விட்டுவிட்டான். எல்லோர் முன்னிலையிலும் நான்கு தடவை திரும்பச் செய்ய வைத்தேன். "மிஸ், மாறினதே தெரியல" என்றான். "கண்ணைத் திறந்து பார்" என்றேன். ஒரு சொட்டில் வரும் அந்த வெளிர் நிறம் அவனுக்குச் சாம்பலாகவோ ஒன்றுமே இல்லாததாகவோ தெரிந்திருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அவன் அதற்குப் பிறகு ஆய்வகத்தில் எதையும் கேட்கவில்லை. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை, இதைப் படித்தால் அவனிடம் மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள்ளட்டும். இப்போதெல்லாம் முதல் செய்முறை வகுப்பிலேயே, நிறம் பிரிக்கச் சிரமம் இருந்தால் தனியாக வந்து சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் நின்று நிறத்தை மட்டும் சொல்லட்டும், கணக்கை நீங்கள் போடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒருவராவது வந்து சொல்கிறார்கள்.

இத்தனைக்கும் இந்தக் குறைபாட்டைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியவர், நாங்கள் வகுப்பில் அணுக்கொள்கைக்காகச் சொல்லிக்கொடுக்கும் அதே ஜான் டால்டன்தான். 1792-ல் ஒரு ஜெரேனியப் பூ பகலில் அவருக்கு வான நீலமாகவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரிந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அது இளஞ்சிவப்புப் பூ, பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை, அவருடைய அண்ணனுக்கு மட்டும் அவரைப் போலவே தெரிந்திருக்கிறது. 1794-ல் மான்செஸ்டரில் இதைக் கட்டுரையாகப் படித்தார். கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதுதான் காரணம் என்று நம்பி, தான் இறந்த பிறகு கண்ணை எடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். 1844-ல் அவர் இறந்ததும் பார்த்தார்கள், திரவம் தெளிவாகத்தான் இருந்தது. பத்திரப்படுத்திய அந்தக் கண்ணின் திசுவில் 1995-ல் டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தபோது நடுத்தர அலைக்கான, அதாவது பச்சைக்கான நிறமியின் மரபணு இல்லை என்று தெரிந்தது. இந்தக் கதையை என் மகனுக்குச் சொன்ன நாள் அவன் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. டால்டனுக்கா, என்று மூன்று தடவை கேட்டான்.

பரிசோதனை மிக எளிது, வலி கிடையாது, சில நிமிடங்கள்தான். ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட புள்ளிப் படங்கள் இன்றும் பயன்படுகின்றன. முதல் படத்தில் உள்ள 12 எல்லோருக்கும் தெரியும், பிள்ளைக்குச் சோதனை புரிந்ததா என்று பார்க்க அது. அடுத்ததில் நமக்கு 8 தெரிந்தால் சிவப்பு பச்சைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 3 தெரியும். நமக்கு ஒன்றும் தெரியாமல் அவர்களுக்கு மட்டும் எண் தெரிகிற படங்களும் உண்டு. எண் படிக்கத் தெரியாத குழந்தைக்கு வளைந்து போகும் கோட்டை விரலால் தடவிக் காட்டச் சொல்லும் படங்கள் இருக்கின்றன. பகல் வெளிச்சத்தில், சுமார் 75 செ.மீ. தூரத்தில் வைத்து, படம் ஒன்றுக்கு 3 விநாடிதான் கொடுப்பார்கள். போனில் இறக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், திரைக்குத் திரை நிறம் மாறும். நீலம் மஞ்சள் குழப்பத்தை இந்தப் படங்கள் காட்டாது, அதற்கு வேறு சோதனை.

இன்னொன்று மிக முக்கியம். நான் இதுவரை சொன்னது பிறவியிலேயே வருவது, அது வயதோடு அதிகமாவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆனால் இவ்வளவு நாள் நன்றாக நிறம் தெரிந்த ஒருவருக்குத் திடீரென்று நிறம் மங்கினால், அல்லது ஒரு கண்ணில் சிவப்பு ஒரு மாதிரியும் மறு கண்ணில் வேறு மாதிரியும் தெரிந்தால், அது வேறு விஷயம். கண் நரம்பு பாதிப்பு, கண் நீர் அழுத்தம், விழித்திரைக் கோளாறு என்று காரணம் இருக்கலாம். காசநோய்க்குக் கொடுக்கும் எதாம்புடால் மாத்திரை சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும், சிவப்பு பச்சை குழம்புவது அதன் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், ஆனால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பிறவிக் குறைபாட்டுக்கு இன்றைக்கு மருந்து இல்லை. அமெரிக்காவில் அணில் குரங்குகளுக்கு மரபணுச் சிகிச்சை செய்து சிவப்பு பச்சையைப் பிரிக்க வைத்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது, மனிதர்களுக்கு அது சிகிச்சையாக இன்னும் வரவில்லை. ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கும் வண்ணக் கண்ணாடிகள் சில நிறங்களுக்கு இடையே வேறுபாட்டைக் கூட்டிக் காட்டலாம், அவ்வளவுதான். குறைபாடு குணமாகாது. அக்கா அப்படி ஒன்றுக்குக் காசு கட்டவிருந்தாள், நான்தான் தடுத்தேன்.

வேலை விஷயத்தில் நிலைமை கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. 2020 ஜூனில் மத்திய அரசு விதியைத் திருத்தியதால் லேசான, நடுத்தர அளவு நிறக்குறைபாடு உள்ளவர்கள் ஓட்டுநர் உரிமம் பெறலாம். புனே திரைப்படக் கல்லூரியில் எடிட்டிங் படிப்பில் சேர முடியாமல் போன ஒருவரின் வழக்கில், நிறக்குறைபாட்டைக் காரணம் காட்டி அந்தக் கல்லூரியின் எந்தப் படிப்பிலிருந்தும் ஒதுக்கக் கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாநில மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணி மறுக்கப்பட்ட ஒருவருக்கு அந்தப் பணியையே கொடுக்கும்படி 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரயில் ஓட்டுவது போன்ற சில வேலைகளில் கட்டுப்பாடு இருப்பதன் நியாயம் எனக்குப் புரிகிறது, சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் அங்கே உயிர்ப் பிரச்சினை. என் வருத்தம் அதில் இல்லை. ஆறு வயதில் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டியதை 24 வயதில், இரண்டு வருட உழைப்புக்குப் பிறகு ஏன் ஒரு பையன் தெரிந்துகொள்ள வேண்டும்? எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் சிவகாசி அச்சகங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள், சிலர் திருப்பூர் சாயப்பட்டறைக்கு, சிலர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்க. சிவப்பு ஒயர், பச்சை ஒயர், சாயத்தின் ஷேடு, அச்சில் ஏறும் மை, எல்லாமே நிறம்தான். முன்பே தெரிந்தால் வேறு வழியைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது அதே வேலையில் ஒயருக்கு அடையாளச் சீட்டுக் கட்டி வைப்பது போல ஏதாவது செய்துகொள்ளலாம்.

எங்கள் பள்ளிக்குக் கண் பரிசோதனை முகாம் வருகிறது. தூரத்தில் எழுத்துகளை மாட்டிப் படிக்கச் சொல்கிறார்கள், தேவைப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடியும் கிடைக்கிறது, நல்ல காரியம். ஆனால் நான் பார்த்த எந்த முகாமிலும் நிறப்பார்வையைச் சோதிக்கவில்லை. ஒரு புத்தகம் இருந்தால் ஒரு காலைப் பொழுதில் ஒரு வகுப்பு முழுவதையும் பார்த்துவிடலாம். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும் என்று சுகாதாரத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் முடிவெடுக்கலாம், உங்கள் நாளிதழ் ஒரு தலையங்கம் எழுதினால் அவர்கள் காதில் விழும். முடிவைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் தனியாகச் சொல்ல வேண்டும், வகுப்பு முன்னால் அறிவிக்கக் கூடாது. என் மகனுக்குத் தெரிந்தபிறகு அவன் நண்பர்கள் ஒரு மாதம் முழுக்க ஆளாளுக்கு பேனா, பை, சட்டை என்று தூக்கிக் காட்டி "இது என்ன கலர்" என்று கேட்டு அவனை அழவைத்துவிட்டார்கள்.

உங்களிடம் நேரடியாக நான் கேட்பது சின்ன விஷயம். மழை அலர்ட் படம், தேர்தல் முடிவுப் படம், விலை ஏற்ற இறக்க வரைபடம் எதுவானாலும் நிறத்தை மட்டும் நம்பிப் போடாதீர்கள். அலர்ட் நிறங்கள் வானிலை ஆய்வு மையம் வைத்தவை, அவற்றை நீங்கள் மாற்ற முடியாது என்று தெரியும். மாவட்டத்தின் மேல் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று எழுத்திலும் அச்சடித்துவிடுங்கள். சின்ன மாவட்டத்தில் இடம் இல்லை என்றால் சி, ஆ, ம, ப என்று முதல் எழுத்தாவது போடுங்கள், அல்லது கோடு, புள்ளி என்று வேறு வேறு நிரப்பு கொடுங்கள். நீங்களாக நிறம் தேர்ந்தெடுக்கும் படங்களில் சிவப்பும் பச்சையும் பக்கத்தில் வருவதற்குப் பதில் நீலமும் ஆரஞ்சும் போட்டால் என் மகன் போன்றவர்களுக்குப் பளிச்சென்று பிரிந்து தெரியும்.

அடுத்த பருவமழைக்கு முன்னால் இதைச் செய்துவிட்டீர்கள் என்றால், லீவு இருக்கிறதா இல்லையா என்று அவனே பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை ஒருவர்,
சாத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்.